எட்வேட் மாமாவின் மூன்று நிமிடம்

எட்வேட்டின் கையில் மைக்கைக் கொடுப்பது சுகம், திருப்பி வாங்குவதுதான் பாடு என்பது கனடாவின் ஸ்காபரோவில் மண்டபம் வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல்நன்மை, அறுபதாம் பிறந்தநாள், செத்தவீட்டு நினைவுரை, எதுவானாலும் மேடையில் அவர்தான். வார நாட்களில் கார்ப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். சனி ஞாயிறுகளில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட வேறு மனிதர். நல்ல குரல், அதை ஒருவரும் மறுக்க முடியாது. நேரம் போய்விட்டது என்று தலைவர் துண்டு எழுதி அனுப்பினால், அதை வாசித்துச் சிரித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இறுதியாக ஒன்று" என்பார். அந்த இறுதி ஒன்று முடிவதற்குள் குசினியில் ரோல்ஸ் ஆறிப்போகும்.

ஆனபடியால், தங்கை மகள் நிரோஷினி தனக்காக நகரசபையில் வந்து பேசும்படி கேட்டபோது எட்வேட்டுக்கு ஆச்சரியம் வரவில்லை. இத்தனை நாளும் ஏன் கேட்கவில்லை என்றுதான் நினைத்தார்.

நிரோஷினிக்கு முப்பத்துநான்கு வயது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதால் கையும் காலும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. நாக்கும் கேட்பதில்லை. இடக்கைச் சுட்டுவிரல் ஒன்று மட்டும் கேட்கும். சக்கரநாற்காலியின் முன்தட்டில் ஆங்கில எழுத்துகள் கொண்ட பலகை ஒன்று இருக்கிறது. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொடுவாள், எதிரில் நிற்பவர் சத்தமாக வாசித்துச் சொல்லைச் சேர்க்க வேண்டும். தமிழையும் அதே ஆங்கில எழுத்துகளில்தான் தொடுவாள், செல்போனில் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி. முதல் பலகையை அவளுடைய ஏழாவது வயதில் செய்து கொடுத்தவர் எட்வேட். தொழிற்சாலையில் மிஞ்சிய பிளாஸ்ரிக் தகட்டை மேலாளரிடம் கேட்டு வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து எழுத்துகளை வெட்டி ஒட்டினார். அந்த ஒரு விரலால் அவள் பட்டமும் எடுத்து, வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்களைப் பரிசோதிக்கும் வேலையும் செய்கிறாள். எழுதினால் வாசிக்கிற டப்லெட்டும் அவளிடம் உண்டு. ஆனால் அதன் குரல் விமான நிலையத்து அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று அதை அவசரத்துக்கு மட்டும்தான் எடுப்பாள்.

பேச வேண்டிய விஷயம் ஒரு குளியலறை.

நிரோஷினியும் தாய் பேர்ணடெற்றும் வோபர்னில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் இருக்கிறார்கள். அந்த வீட்டின் குளியலறைக் கதவுக்குள்ளால் சக்கரநாற்காலி போகாது. சின்ன வயதில் தாய் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினாள். மகள் வளர்ந்து, தாயின் முதுகு விட்டுப்போக, அது நின்றுவிட்டது. பிறகு ஒன்பது வருடம் கட்டிலில் கிடத்தி ஈரத்துணியால் துடைப்பதுதான் குளிப்பு. வாரத்தில் ஒருதரம் வருகிற உதவியாளரும் துடைத்துத்தான் விட்டார்.

அப்படியிருக்க, மோர்னிங்சைட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் பகல் நிலையம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே சக்கரநாற்காலியோடு போகக்கூடிய பெரிய குளியலறை. கூரையில் ஓடுகிற தூக்கி ஒன்று ஆளை மெதுவாகத் தூக்கிக் குளிக்கிற நாற்காலியில் இருத்தும். செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணி நிரோஷினிக்கு. முதல் நாள் ரிஃப்னா என்ற பணியாளர் தண்ணீரைத் திறந்துவிட்டபோது, நிரோஷினி முக்கால் மணித்தியாலம் தண்ணீருக்குக் கீழேயே இருந்தாள். நிற்பாட்டட்டுமா என்று கேட்கக் கேட்க விரலை ஆட்டி வேண்டாம் என்றாளாம்.

அந்தக் குளியலறைக்கு நகரசபை கொடுக்கும் உதவியை இந்த வருட வரவுசெலவில் வெட்டப் போகிறார்கள் என்று ஜனவரியில் செய்தி வந்தது. வெட்டுவதற்கு முன் பொதுமக்கள் வரவுசெலவுக் குழுவின் முன்னால் வந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். ரிஃப்னா அங்கே சம்பளத்துக்கு இருப்பவர், அவரால் பேச முடியாது. பயன்படுத்துகிறவர்கள்தான் பேச வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் அதே குளியலறையில் வீடில்லாதவர்கள் குளிப்பார்கள். கூடாரத்தில் படுப்பவர்கள், இரவு பஸ்ஸில் சுற்றிச் சுற்றித் தூங்குகிறவர்கள், அகதி மனுப் போட்டுவிட்டுத் தங்க இடம் கிடைக்காமல் அலைகிற புதியவர்கள். குளித்துவிட்டு வாசலில் நின்று சிகரட் பிடிப்பார்கள். பக்கத்துப் பிளாசாவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு அது கண்ணில் குத்தியது. சாப்பாட்டுக் கடைக்காரர் சூசைதாசன் தேவாலயத்தின் தமிழ்ப் பங்குச் சபைக்கும் தலைவர். அவர் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த எட்வேட்டைக் கார்த் தரிப்பிடத்தில் மறித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட மருமகளுக்கு அது வேணும், ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா உந்தக் கூட்டத்துக்கும் சேர்த்தே எங்கட வரிக்காசைக் குடுக்கிறது? நேற்று வந்தவனுக்கு இண்டைக்கு ஹோட்டல், நாளைக்கு வீடு. நாங்கள் வரேக்க எங்களுக்கு ஆர் தந்தது?"

"அதுதானே," என்றார் எட்வேட்.

தந்தார்கள் என்பது எட்வேட்டுக்குத் தெரியும். எண்பத்தெட்டில் வந்திறங்கி, பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஏழு பேராகப் படுத்து, ஒன்பது மாதம் அரசாங்கம் கொடுத்த வெல்ஃபெயர் காசில் சாப்பிட்டவர் அவர். மேடையில் அதைத் தொட வேண்டி வந்தால் "ஆரம்பகாலச் சோதனைகள்" என்று சொல்லித் தாண்டிவிடுவார். மனிதர் பொல்லாதவர் அல்ல. மருமகள் என்றால் உயிர். ஆனால் எந்தப் பக்கம் கைதட்டுகிறதோ அந்தப் பக்கம் கால் தானாக நகர்கிற வியாதி அவருக்கு முப்பது வருடமாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்து ஒரு சமரசம் கண்டுபிடித்தார். பேச்சின் நடுவில் ஒரு பந்தி எழுதிச் சேர்த்தார். அந்தக் குளியலறையை மாற்றுத்திறனாளிகளுக்கென்று மட்டும் ஒதுக்க வேண்டும், தெருவில் திரிகிறவர்கள் அந்த இடத்தை அசுத்தப்படுத்துகிறார்கள், அவர்களை நகரத்தின் வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டால் செலவும் குறையும், அயலவரும் ஆறுதலடைவர் என்பது அந்தப் பந்தியின் சாரம். இப்படிச் சொன்னால்தான் பிள்ளையின் குளிப்பாவது மிஞ்சும் என்று அவர் மனதார நம்பினார்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு வோபர்னுக்கு வந்து, தங்கை வீட்டு வரவேற்பறையில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்யும் பேர்ணடெற்றுக்கு அன்று லீவு. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு சோபாவில் இருந்து கேட்டாள். நிரோஷினி யன்னலோரம் இருந்தாள். பேச்சு பதினாறு நிமிடம் ஓடியது.

"மூண்டு நிமிஷமெல்லோ தந்திருக்கினம், அண்ணா," என்றாள் பேர்ணடெற்.

"அது சும்மா போடுறது. நல்லாப் பேசுறவனை ஆர் நிப்பாட்டப் போறாங்கள்? மிஞ்சிப்போனா ஒரு துண்டு வரும்."

"அந்த நடுப்பந்தி வேணுமோ?"

"அதுதான் உயிர்நாடி. உனக்கு உந்த அரசியல் விளங்காது, நீ விடு." அவர் மருமகளின் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, எப்பிடி?"

நிரோஷினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல் பலகைக்குப் போனது. எட்வேட் குனிந்து வாசித்தார்.

"மௌன… அஞ்சலி… இல்லையோ?"

எட்வேட் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மௌன அஞ்சலி இல்லாமல் ஒரு கூட்டத்தையும் அவர் இதுவரை தொடக்கியதில்லை. இதை எப்படி மறந்தோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. "ஆருக்குப் பிள்ளை செய்வம்?"

"போன வருசம் ரோட்டில செத்தவைக்கு."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, முதலில் அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டு அப்புறம் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பச் சொன்னால் பேச்சுக்கு ஒரு கனம் வரும் என்று பட்டது. "நல்ல யோசனை," என்று குறித்துக்கொண்டார்.

விரல் மறுபடியும் நகர்ந்தது. குழுவில் இருக்கிற எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் மாமா, அதுதான் மரியாதை. பெயர்களை அச்சடித்து வைத்திருக்கிறேன்.

"ஓம், ஓம். அதுதான் முறை. நீ கெட்டிக்காரி."

பேர்ணடெற்றுக்குத் திடீரென்று இருமல் வந்து, எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை. அது நிரோஷினியின் குளிப்பு நாள். அன்றைய குளிப்பை விட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள். பேர்ணடெற்றுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் சக்கரநாற்காலி ஏற்றுகிற வான் வண்டியில் மாமாவும் மருமகளும் மட்டும் போனார்கள். டப்லெட்டைக் காணவில்லையே என்று எட்வேட் கேட்டதற்கு, வீட்டில் விட்டுவிட்டேன் என்று பலகையில் சொன்னாள். தனக்காக மாமா பேசும்போது அவளுக்கு அது எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. குழுவினர் அரைவட்டமாக உயரத்தில் இருந்தார்கள். பேசுகிறவரின் முன்னால் ஒரு திரை, அதில் மூன்று நிமிடத்திலிருந்து கீழே இறங்கும் கடிகாரம். நூலகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு பெண் பேசினார். சொத்துவரி கூடினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று ஒரு கிழவர் பேசினார். அடுத்து வந்த தடித்த மனிதர், தாம் நாற்பது வருடம் உழைத்ததாகவும், வேலைசெய்யாமல் தெருவில் கிடப்பவர்களுக்கும் எங்கிருந்தோ வந்து இறங்குகிறவர்களுக்கும் தம்முடைய காசு போவதைப் பொறுக்க முடியாது என்றும் மேசையில் தட்டிச் சொன்னார். மண்டபத்தின் பாதிப்பேர் கைதட்டினார்கள். எட்வேட் தம்முடைய சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பந்தி பத்திரமாக இருந்தது.

பத்தொன்பதாவதாக அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

எட்வேட் நடந்துபோய் மைக்கை உயர்த்தி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, நல்ல ஆங்கிலத்தில் தொடங்கினார். "தயவுசெய்து எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இந்த நகரத்தின் தெருக்களில் கடந்த வருடம் இறந்துபோனவர்களுக்காக நாம் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

தலைவி எழுதுநரைப் பார்த்தார். எழுதுநர் தம்முடைய தாள்களைப் பார்த்தார். வரவுசெலவுக் குழுவின் முன்னால் இப்படியொன்றை யாரும் கேட்டதில்லை, செய்யலாமா கூடாதா என்று எந்தத் தாளிலும் இல்லை. அதற்குள் எட்வேட் தலையைக் குனிந்து கைகளைக் கட்டி நின்றுவிட்டார். பின்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது. கதிரைகள் இழுபடும் சத்தம் மண்டபம் முழுக்கப் போனது. குழுவினர் ஒவ்வொருவராக எழுந்தார்கள், தலைவியும் எழுந்தார். கடைசியாக, மேசையில் தட்டிப் பேசிய தடித்த மனிதரும் எழுந்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தம்முடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எத்தனையோ கூட்டங்களில் நின்று பழகியவர் எட்வேட், நிமிடம் என்றால் அவருக்கு அறுபது விநாடியேதான். கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அங்கே எத்தனையோ பேர் எத்தனையோ பேசினார்கள். அத்தனையிலும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக ஒன்றும் இருக்கவில்லை என்று பின்னால் பலர் சொன்னார்கள். பேசியவருக்கு மட்டும் அது தெரியாது.

"நன்றி, அமருங்கள்," என்றார். பிறகு மரியாதைகளைத் தொடங்கினார். மாண்புமிகு தலைவி அவர்களே. மாண்புமிகு உறுப்பினர் இன்னார் அவர்களே. அப்படிப் பதினொரு பேர், ஒருவரைக்கூட விடவில்லை. எழுதுநர், மொழிபெயர்ப்பாளர், ஒலி ஒளி கவனிப்பவர், வாசலில் நிற்கும் காவலர், பத்திரிகையாளர் எவராவது வந்திருந்தால் அவர்கள், தாய்மார், பெரியவர்கள், இளைஞர்கள், பெயர் விடுபட்ட அனைவரும். இந்த அரிய சந்தர்ப்பத்தை வழங்கியமைக்கு நன்றி. ஒருமுறை நன்றி சொன்னால் போதாது, இருமுறை. அப்போது திரை சிவந்தது. எட்வேட் பழக்கப்படி சிரித்து, "இறுதியாக ஒன்று" என்றபடி சட்டைப்பையிலிருந்து நடுப்பந்தியை எடுத்து விரித்தார்.

மைக் நின்றுவிட்டது. துண்டு இல்லை, கெஞ்சல் இல்லை. அவருடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"மிக்க நன்றி," என்றார் தலைவி, உண்மையாகவே மனம் கரைந்த குரலில். "அது எங்கள் எல்லோருக்கும் தேவையாக இருந்தது."

எட்வேட் காது சிவக்கத் திரும்பி வந்தார். "நான் இன்னும் தொடங்கவேயில்லை," என்று மருமகளிடம் முணுமுணுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் தோள், கழுத்து, நாற்காலி எல்லாம் சேர்ந்து குலுங்கும். என்ன சிரிப்பு என்று கேட்க வாயெடுத்தபோது இருபதாவது பெயரைக் கூப்பிட்டார்கள். அது நிரோஷினியின் பெயர்.

அவள் பெயர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. மௌன அஞ்சலி, பதினொரு பெயர்கள், பேர்ணடெற்றின் இருமல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு விளங்கின. அந்தப் பந்தியை மேடையேற விடக்கூடாது என்று முடிவெடுத்து, அவரோடு சண்டை போடாமல், அவருடைய கையாலேயே அதை முடித்துவிட்டாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வந்ததும் உண்மை. ஆனால் அதற்குள்ளே, இந்தப் பிள்ளை எங்கிருந்து இவ்வளவு கெட்டித்தனம் கற்றாள் என்ற பெருமையும் எட்டிப் பார்த்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பலகையில் அவள் தொடுவதைத் தாம் வாசிப்பதாகக் குழுவுக்குச் சொன்னார். மேலதிக நேரம் வேண்டுமா என்று தலைவி கேட்டார். விரல் 'என்'னையும் 'ஓ'வையும் தொட்டது. வேண்டாம்.

அவள் முதல் எழுத்தாக 'ஐ' என்பதைத் தொட்டாள். "நான்," என்று ஆங்கிலத்தில் தொடங்கிய எட்வேட், "வோபர்னில் நீண்டகாலமாக வசித்துவரும் நிரோஷினி என்பவள்…" என்று மேலே ஓடினார். நிரோஷினி விரல் முட்டியால் பலகையில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டினாள். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. எட்வேட் வாயை மூடினார். அதன் பிறகு பலகையில் வந்ததை மட்டும் வாசித்தார், எழுத்து எழுத்தாக, பிறகு சொல்லாக.

அவள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். நான் செவ்வாயும் வெள்ளியும் குளிக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் குளிக்கவில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. எல்லோரும் அடுத்த எழுத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைப் பேச்சாளராக எட்வேட் ஆயிரம் கூட்டம் கண்டிருப்பார், ஒரு கூட்டம் இப்படிக் காதுகொடுத்ததை அவர் கண்டதில்லை.

வேய்னுக்கும் சாமுவேலுக்கும் வீடில்லை. நான் வருவதற்கு முன் அவர்கள் நிலத்தைத் துடைத்துக் காயவைப்பார்கள். என் நாற்காலி வழுக்கக்கூடாது என்று.

எட்வேட் அதை வாசித்து முடித்தார். அவர் அந்தக் கட்டடத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. காரில் போகும்போது வாசலில் புகை விடுகிறவர்களைத்தான் கண்டிருக்கிறார். அசுத்தப்படுத்துகிறார்கள் என்று தாம் எழுதிய பந்தி இன்னும் கையில் மடங்கிக் கிடந்தது.

விரல் நகர்ந்தது. எம். வை. பிறகு யு, என், சி. மீதி எழுத்துகள் வருவதற்கு முன்பே, இது 'என் மாமா' என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதே நேரம் திரையும் சிவந்தது.

"நேரம் முடிந்துவிட்டது," என்றார் தலைவி. "இத்துடன் நிறுத்தலாமா, அல்லது அவர் இன்னும் சொல்ல விரும்புகிறாரா?"

கேள்வி எட்வேட்டை நோக்கித்தான் வந்தது. பலகை அவருடைய கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். முடிந்துவிட்டது, நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஒருவருக்கும் தெரியவராது. அவர் நிரோஷினியைப் பார்த்தார். அவள் அவரைக் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் 'சி'யின் மேலேயே இருந்தது.

"இன்னும் முடியவில்லை," என்றார் எட்வேட். "அவர் சொல்ல இருக்கிறது."

தலைவி கையசைத்தார். மைக் நிற்கவில்லை.

எட்வேட் வாசித்தார். ஒவ்வோர் எழுத்தையும் அந்த நல்ல குரலில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார். என் மாமா அவர்களை அனுப்பிவிடச் சொல்கிறார். எனக்கு மட்டும் குளியலறை வேண்டாம். எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

விரல் பலகையை விட்டு எடுபட்டது. முடிந்தது என்று அர்த்தம். யாரும் உடனே கைதட்டவில்லை. குழுவில் கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர், ஒரு கேள்வி கேட்கலாமா என்று முன்னால் சாய்ந்தார். "அந்த மாமாவின் வாதத்தையும் நான் கேட்க விரும்புகிறேன். அவர் இன்று இங்கே வந்திருக்கிறாரா?"

எட்வேட் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"நான்தான்," என்றார். "அவள் சொல்வதுதான் சரி. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபோது நானும் ஒன்பது மாதம் உங்கள் காசில் சாப்பிட்டவன்."

வாழ்க்கையில் முதல்தடவையாக மைக்கைத் தாமாகவே விட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கைதட்டல் அவர்கள் வாசலுக்கு வந்தபோதுதான் தொடங்கியது. தடித்த மனிதர் கைதட்டவில்லை. ஆனால் நாற்காலி தடைப்படாமல் போகத் தம்முடைய காலை இழுத்துக்கொண்டு, நிரோஷினிக்குத் தலையசைத்தார்.

முடிவு அன்றைக்கு வரவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்தது. அந்த வெட்டை எடுத்துவிட்டார்கள், ஒரு வருடத்துக்கு, எல்லோருக்குமாக. அடுத்த வருடம் மறுபடி போய்ப் பேச வேண்டியிருக்கும் என்று ரிஃப்னா சொன்னார். அது பிறகு. அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வான் வண்டிக்காக அவர்கள் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காத்து நின்றார்கள். வெளியே பனி பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எட்வேட்டின் தொலைபேசி அடித்தது. சூசைதாசன். கூட்டத்தைக் கடையில் இருந்தபடியே இணையத்தில் பார்த்திருக்கிறார்.

"என்ன அண்ணை, எங்களை நடுத்தெருவில விட்டிட்டியள்?"

"ஓம் சூசைதாசன், நான்தான் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பேந்து எடுக்கிறன், பிள்ளையோட நிக்கிறன்," என்று வைத்துவிட்டார். இனிப் பங்கு விழாவுக்கு மைக் தரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது நோகத்தான் செய்தது.

குனிந்து மருமகளின் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அவங்கள் உனக்காக நிலம் துடைக்கிற கதையை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே, பிள்ளை. தெரிஞ்சிருந்தா நான் அப்பிடி எழுதுவனே?"

விரல் பலகைக்குப் போனது. எட்வேட் வாசித்தார்.

"சொன்னனான்."

"எப்ப?"

"மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தியள், மாமா."

எட்வேட் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். விரல் இன்னும் பலகையை விட்டு எடுபடவில்லை, அவள் சொல்லி முடிக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அடுத்த எழுத்து வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.